சந்தனராயர் செவுள் பார்த்த கதை

முன்னொரு காலத்தில், கிழக்கே கடலும் மேற்கே உப்பளமுமாகக் கிடந்த ஆழித்துறைப் பட்டினத்தை விக்கிரமகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட ஈக்கு ஒரு சட்டம் போடுவார். மீன் குழம்பு இல்லாமல் அவருக்கு ஒரு கவளம் இறங்காது. அந்த மீன் வந்து இறங்கும் துறையின் வாடை மட்டும் அரண்மனைக்குள் வரக் கூடாதாம். எப்படி இருக்கிறது நியாயம்!

அவருடைய வாசனை அதிகாரி சந்தனராயர். ஜவ்வாது, புனுகு, பன்னீர் என்று ராஜாவை மணக்க வைப்பதுதான் உத்தியோகம். தான் மலைநாட்டுச் சந்தன வியாபாரி வீட்டுப் பிள்ளை என்று சபையில் சொல்லிவைத்திருந்தார். அத்தனையும் புளுகு. அவர் பிறந்தது அதே பட்டினத்து மீன்சந்தையில். அம்மாவின் மீன்கூடைக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கி வளர்ந்தவர், பட்டம் கிடைத்த பிறகு இருபது வருஷமாக அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மா செத்த சேதி வந்த அன்றுகூடத் தலைவலி என்று வீட்டுக்குள்ளேயே கிடந்தார். அதை நினைத்தால் அவருக்கே உடம்பு கூசும். கூசும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஜவ்வாது பூசிக்கொள்வார்.

ஒரு நாள் கடற்காற்று பலமாக அடித்து, ராஜா சாப்பாட்டில் உட்கார்ந்தபடியே மூக்கைப் பொத்தினார். சந்தனராயர் சமயம் பார்த்து, "மகாராஜா, மீன்சந்தையை உப்பளத்துக்கு அப்பால் மூன்று காதம் தள்ளி வைத்துவிட்டால் என்ன?" என்றார். சந்தை போனால், தன்னை அடையாளம் தெரிந்த முகங்களும் போய்த் தொலையும் என்பது அவர் எண்ணம்.

"பேஷ்! நாளைக்கே செய்யும்" என்றார் ராஜா.

மறுநாள் காலை, மீன்காரப் பெண்கள் எல்லாருக்குமாக ஒருத்தி சபைக்கு வந்தாள். பெயர் உலகம்மை. சந்தனராயரின் கூடப் பிறந்த அக்கா. தலையில் ஒரு கூடை, இடுப்பில் ஒரு கூடை. அவளைக் கண்டதும் சந்தனராயர் தூணோரம் ஒதுங்கினார். அவளோ அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"மகாராசா, மூணு காதம் சுமந்துட்டுப் போயி, அங்க வித்து, அது அரமனைக்கு வந்து சேருததுக்குள்ள மீனு ஒரு நாள் பழசாயிரும். எங்க பொழப்பும் போச்சு, உங்க குழம்பும் போச்சு" என்றாள்.

"ஆயிரம் மீன் வரட்டும். நல்லதாகப் பொறுக்கி எடுக்க அரண்மனையில் ஆளா இல்லை?" என்றார் சந்தனராயர், தரையைப் பார்த்துக்கொண்டு.

உலகம்மை இரண்டு கூடைகளையும் இறக்கினாள். கூடைக்கு ஒரு மீன் இருந்தது. "இதுல ஒண்ணு இன்னிக்கு விடியக்கால வலையில விழுந்தது. ஒண்ணு நேத்தையது. அரமனைக்காரக யாராவது சரியாச் சொல்லிட்டா, நாங்க வாயைத் திறக்காம உப்பளத்துக்குப் போயிருதோம்."

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மோந்து பார்த்துச் சொல்லிவிடக் கூடாதென்று, சந்தனராயர் கையிலிருந்த ஜவ்வாதைப் பிடுங்கி இரண்டு கூடையிலும் தாராளமாகப் பூசினார். "எதை நல்லதென்று சொல்கிறீர்களோ, அதுதான் இன்று என் இலைக்கு வரும். ஆகட்டும்!"

தளபதி வந்தார். பெரியதாக இருந்த மீனைக் காட்டினார். தலைமைச் சமையல்காரர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "ஆகா, ரத்தச் சிவப்பு! இதுதான் புதுசு" என்று அவரும் அதே மீனைக் காட்டினார்.

"அடுக்களைக்கு அனுப்புங்கள்" என்றார் ராஜா.

சந்தனராயருக்கு மனசு கேட்கவில்லை. என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் அவர் கை கூடைக்குள் போய்விட்டது. செவுளைத் தூக்கி, கட்டைவிரலால் உள்ளே அழுத்தித் தேய்த்தார். விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது, அடியில் செவுள் வெளுத்துக் கிடந்தது. இன்னொரு மீனையும் தேய்த்தார். சாயம் போகவில்லை. "இதுதான் மகாராஜா இன்றைய மீன். அதில் ரத்தம் தடவியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியின் இடுப்பில் சடாரென்று கையைத் துடைத்தார்.

"சரியாத்தான் சொன்னாக" என்றாள் உலகம்மை. "சந்தையில ரெண்டொரு கள்ளிக செய்யுத வேலை அது. அரமனைக்காரக இதை எங்க படிச்சாகன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மகாராசா. நாங்க போயிருதோம்."

ராஜா சந்தனராயரின் இடுப்பில் இருந்த கறையைப் பார்த்தார். "ஓய், எந்தச் சந்தன வியாபாரி வீட்டில் செவுளைத் தேய்க்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? பெண்ணே, இவரை உனக்குத் தெரியுமா?"

"இவுகளை நான் எப்படி அறிவேன்? எங்கம்மா எந் தம்பிக்கு இப்படித்தான் சொல்லிக்குடுத்தா. அவ செத்தப்போ கொள்ளி வைக்கக்கூட அவன் வரல. உசுரோட இருந்தா வந்திருப்பாம்லா?"

சந்தனராயர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூசியிருந்த ஜவ்வாது அவருக்கே குமட்டியது. "மகாராஜா, நான்தான் அந்தத் தம்பி. சந்தையை விரட்டச் சொன்னது வாடைக்காக இல்லை. யாராவது என்னைப் பார்த்து இன்னார் மகன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இத்தனை நாள் எதற்கு வெட்கப்பட்டேன் என்பதை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருக்கிறது."

"அப்படியானால் சரியாகச் சொன்னது அரண்மனைக்காரர் இல்லை, சந்தைக்காரர். பந்தயத்தில் ஜெயித்தவள் நீதான் அம்மா" என்று ராஜா சிரித்தார். சந்தை இருந்த இடத்திலேயே இருக்கும் என்று சட்டம் போட்டார். தன் தோளில் கிடந்த சரிகைப் பட்டை எடுத்து உலகம்மைக்குக் கொடுத்தார். பிறகு சந்தனராயர் பக்கம் திரும்பினார். "உம் பட்டத்தை நான் பறிக்கப்போவதில்லை. இதே பட்டு வேட்டியோடு தினமும் காலையில் சந்தைக்குப் போய், என் மீனைச் செவுள் பார்த்து வாங்கிவாரும்."

மறுநாள் காலை சந்தனராயர் போனார். சந்தையே பார்த்தது, ஒருவரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தேவலை. அக்காவின் கூடைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "அக்கா" என்றார், பாதிதான் வெளியே வந்தது.

உலகம்மை மீன் மேல் தண்ணீர் தெளித்தாள். யார் வந்தாலும் சொல்வதுபோல, "எடுத்துப் பாருங்க ஐயா, எல்லாம் விடியக்கால மீனு" என்றாள்.

ஏலே என்று ஒரு வார்த்தை திட்டமாட்டாளா என்று அவர் தினமும் போய்க் காத்திருந்தார். அவள் கடைசிவரை அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டாள்.