காராயி இறக்கிவிடாத குட்டி

அந்தக் காலத்தில் கரடிக் குட்டிகளும் மற்றக் குட்டிகளைப் போலத் தரையில்தான் நடந்தன. தாய்க்குப் பின்னால் ஓடும், கல்லில் தடுக்கி விழும், எழுந்து மறுபடியும் ஓடும். விலங்குகளெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சென்றால் அப்படி இப்படிப் பேச்சா! ஆரம்பித்தால் பொழுது சாய்ந்தாலும் நிற்காது.

மலையடிவாரத்துக் காட்டில் காராயி என்று ஒரு கரடி இருந்தாள். அவள் புருஷன் சடையன். தேன் எடுப்பதில் சடையனை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளே கிடையாது. எவ்வளவு உயரக் கிளையானாலும் ஏறிவிடுவான். எடுத்த தேனடையைத் தான் தொடாமல் பெண்டாட்டிக்குத்தான் முதலில் கொண்டுவந்து நீட்டுவான். அவ்வளவு தங்கமான மனுஷன். கரடியைப் போய் மனுஷன் என்கிறேனே, என்ன செய்ய, வாயில் அப்படித்தான் வருகிறது.

அவர்களுக்கு ஒரு பெண்குட்டி. கன்னங்கரேலென்று இருந்ததால் எள்ளி என்று கூப்பிட்டார்கள். குட்டி முதன்முதலாகக் குகையை விட்டு வெளியே வருகிற அன்றைக்கு அதன் நாக்கில் சேனை வைப்பது கரடிகளின் வழக்கம். புதிதாக உதிர்ந்த இலுப்பைப் பூவைத் தேனில் நசுக்கி, நகத்து நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் தொட்டு வைப்பார்கள். வைக்கிறவர் குணம் குட்டிக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் ஆளைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது காராயி யோசிக்கவே இல்லை. “வெளியாள் எதுக்கு? அவ அப்பாவே வைக்கட்டும். அவரை மாதிரி ஒருத்தர் உண்டா?” என்றாள்.

சடையனுக்குப் பெருமை தாங்கவில்லை. தானே பூவை நசுக்கிச் சேனை வைத்தான். எள்ளி சப்புக்கொட்டினாள். “பாரேன், அப்பனை உரிச்சு வச்சிருக்கா!” என்று உறவெல்லாம் சிரித்தது. காராயியும் சிரித்தாள். பிற்பாடு அந்தச் சிரிப்பையே அவள் நொந்துகொண்டாள்.

காட்டின் நடுவில் ஒரு வழுக்குப்பாறை உண்டு. அதன் குழியில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். பக்கத்து இலுப்பை மரத்துப் பூவெல்லாம் அதில் விழுந்து ஊறி, நுரைத்து, புளித்த வாடை அடிக்கும். மான் குடிக்கும், பன்றி குடிக்கும், குரங்கு குடிக்கும். கொஞ்சம் தள்ளாடிவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விடும். ஒருநாள் தாகத்தில் சடையனும் வாய் வைத்தான். அவனும் தள்ளாடினான், சிரித்தான், வீட்டுக்கு வந்தான். ஆனால் மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும் போனான்.

வீட்டுக்கு வருகிற தேனடை குறைந்தது. பிறகு நின்றே போனது. காராயி காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பழகினாள். நேராக வருகிற நடையா, இழுத்து இழுத்து வருகிற நடையா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்த வருஷம் பார்த்துக் காட்டுக்குள் செந்நாய்க் கூட்டம் புகுந்திருந்தது. செந்நாய் குரைக்காது, சீழ்க்கை அடிக்கும். ஒரு சீழ்க்கை இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். கேட்டாலே ஈரக்குலை நடுங்கும்.

காராயி கறையான் புற்றைத் தோண்டப் போகும்போது குட்டிக்குச் சடையன்தான் காவல். ஒருநாள் அவள் திரும்பி வந்தபோது சடையன் குகை வாசலில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தலையைச் சுற்றிலும் செந்நாய்க் கால்தடம். தடம் அவனைத் தாண்டிக் குகைக்குள்ளும் கொஞ்ச தூரம் போயிருந்தது. உள்ளே பாறை இடுக்கில் எள்ளி மூச்சுக் காட்டாமல் ஒண்டிக் கிடந்தாள். காராயி குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டு வந்து சடையனை உலுக்கி எழுப்பினாள்.

“ஏங்க இப்படிப் பண்றீங்க? நான் என்ன குறை வச்சேன்?”

சடையன் தடங்களைப் பார்த்தான். அவனுக்கும் போதை இறங்கிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு அழுதான். “எனக்கே தெரியலை புள்ள. தெரிஞ்சா விட்டிருக்க மாட்டேனா? வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டேதான் போறேன். காலு போகுது. எள்ளி தலைமேல சத்தியம், இனிமே அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

விடிந்து பார்த்தால் அவன் படுத்திருந்த இடம் காலி.

இனித் தாங்காது என்று காராயி குட்டியைக் கூட்டிக்கொண்டு நீர்த்துறைக்குப் போனாள். காட்டு வழக்குகளெல்லாம் அங்கேதான் பேசுவார்கள். “என் வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. காரணம் தெரிஞ்சா நான் எதையாவது செஞ்சு மீட்டுருவேன்” என்று கும்பிட்டாள்.

யானைப் பெரியம்மா முதலில் பேசினாள். “குத்தம் பூவு மேலதான். அந்த மரத்தை முறிச்சுப் போட்டா முடிஞ்சது கதை.”

“நல்லா இருக்கே!” என்றது மான். “நாங்களும்தான் குடிக்கிறோம். நாங்க என்ன அங்கேயே விழுந்து கிடக்கோமா?”

“அவனுக்கு வாய்க்கட்டு இல்லை, அவ்வளவுதான்” என்று முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது. “நாலு போடு போட்டா சரியாயிடும்.”

“மனசு நொந்தவனை அடிப்பியா நீ?” என்று குரங்கு பாய்ந்தது. “எள்ளிக்கு முன்னாடி ஒரு ஆண்குட்டி இருந்துச்சே, வெள்ளம் கொண்டு போச்சே. அந்தத் துக்கத்தை முழுங்கத்தான் குடிக்கிறான், பாவம்.”

காராயி குரங்கின் பக்கம் திரும்பினாள். “அது எனக்கும் புள்ளைதானே அண்ணே. நான் குடிக்கலையே.”

அப்போதுதான் கீரி எழுந்து நின்றது. “சடையன் அப்பனும் இதே குழியில குடிச்சு, அந்தப் பாறையிலேருந்து விழுந்துதான் செத்தான். இது ரத்தத்துல ஓடுற சமாச்சாரம். அது சரி, இந்தக் குட்டிக்குச் சேனை வச்சது யாரு?”

காராயி தலையைக் குனிந்துகொண்டே, “அவருதான். நான்தான் வைக்கச் சொன்னேன்” என்றாள்.

கூட்டத்தின் கண்ணெல்லாம் எள்ளி மேல் திரும்பியது. இரக்கப் பார்வை இல்லை அது. பக்கத்தில் நின்ற பன்றி தன் குட்டிகளை மெல்ல அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது. “ரத்தமும் அவனது, சேனையும் அவனது. இதையும் காட்டுக்குள்ள வச்சுக்கணுமான்னு யோசிங்க” என்றது கீரி.

“என் புள்ளை என்னய்யா பண்ணுச்சு?” என்று காராயி அலறினாள். அவ்வளவுதான், நீர்த்துறையே இரண்டுபட்டது. ரத்தம் என்றது ஒன்று, பூ என்றது ஒன்று, துக்கம் என்றது ஒன்று. காராயியும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டு, மல்லுக்கு நின்றுகொண்டு இருந்தாள். மூச்சு வாங்கிக் கீழே பார்த்தபோது காலடியில் எள்ளி இல்லை.

மண்ணை மோந்து பார்த்தாள். சடையன் போன தடத்தின் மேலேயே குட்டியின் தடமும் போயிருந்தது. குழந்தை அப்பாவைத் தேடிப் போயிருக்கிறது. தூரத்தில் ஒரு சீழ்க்கை கேட்டது. அதற்குப் பதில் சீழ்க்கை வழுக்குப்பாறைப் பக்கத்திலிருந்து வந்தது.

காராயி விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை. பாறை மேல் ஏறிப் பார்த்தாள். குழிக்குப் பக்கத்தில் சடையன் குப்புறக் கிடந்தான், ஒரு கை தண்ணீருக்குள். அவன் முதுகில் முட்டி முட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள் எள்ளி. குட்டியின் வாயெல்லாம் ஈரம். சுற்றிலும் செந்நாய்கள், அவசரமே இல்லாமல், வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தன.

“எந்திரிங்க! ஏங்க, எந்திரிங்க!”

சடையன் கண் திறந்தான். எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு. முட்டிபோட்டு எழப் பார்த்தான், சரிந்தான். மறுபடி எழப் பார்த்தான். “என்னால முடியலை புள்ள. நீ அவளைத் தூக்கு. ஓடு!” என்று குழறினான்.

வாயில் கவ்விக்கொண்டு ஓடினால் கடிக்க வாய் இருக்காது. நடக்க விட்டால் குட்டி பின்தங்கிவிடும். எந்தக் கரடியும் அதுவரை செய்யாததைக் காராயி செய்தாள். குட்டியின் கழுத்தைப் பிடித்துத் தன் முதுகில் எறிந்தாள். “முடியைப் பிடிச்சுக்கோ. என்ன ஆனாலும் விடாதே!” எள்ளி இரண்டு கையாலும் அம்மாவின் சடையை இறுக்கிக்கொண்டாள். காராயி பல்லைக் காட்டி, குறுக்கே வந்த நாயை அறைந்து தள்ளிவிட்டு இறங்கி ஓடினாள். பின்னால் சடையன் கிடந்தபடியே போட்ட உறுமல் மலையை அதிர வைத்தது. அந்த உறுமல் கேட்டுத்தான் யானைப் பெரியம்மா கூட்டத்தோடு ஓடிவந்தாள். நாய்கள் சிதறின. சடையன் பிழைத்தான்.

பிழைத்தவன் யானையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். காராயி காலடியில் விழுந்தான். “செத்துப் பொழைச்சிருக்கேன் புள்ள. இதுக்கு மேலயும் போவேனா?” அவன் பொய் சொல்லவில்லை. காராயிக்கும் அது தெரியும். அவன் உடம்பில் காயம் இல்லாத இடமே இல்லை.

விடிந்தது. குகை வாசலில் புதுத் தடம். இழுத்து இழுத்து நடந்த தடம். வழுக்குப்பாறைப் பக்கமாகப் போயிருந்தது.

காராயி அதைப் பார்த்தாள். அழவில்லை. எள்ளியை முதுகில் ஏற்றிக்கொண்டு நீர்த்துறைக்குப் போனாள். அங்கே இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பூவா, ரத்தமா, வாய்க்கட்டா, துக்கமா, சேனையா என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“குட்டியை இறக்கி விடு ஆத்தா” என்றாள் யானைப் பெரியம்மா. “பேசி ஒரு முடிவுக்கு வருவோம்.”

“நீங்க பேசுங்க” என்றாள் காராயி. “எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நிஜமாத்தான் இருக்கு. ஆனா எதுன்னு நீங்க முடிவு பண்ற வரைக்கும் இவ காலு தரையில படாது. உதிர்ந்த பூவு இவ வாய்க்கு எட்டாது.”

சொல்லிவிட்டு நடந்தாள். வழியில் ஓர் இலுப்பை மரம். காற்றடித்துப் பூ பொலபொலவென்று கொட்டியது. அவள் காதுக்குப் பின்னால், முதுகிலிருந்து, சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. எள்ளி சப்புக்கொட்டினாள். தூக்கத்தில் கொட்டினாளா, வாடை பட்டுக் கொட்டினாளா? திரும்பிக் கேட்கக் காராயிக்குத் தைரியம் வரவில்லை. நடையை எட்டிப் போட்டாள்.

காடு இன்னும் பேசி முடிக்கவில்லை. அன்றைக்கு ஏற்றிய குட்டியைத்தான் இன்றைக்கும் கரடித் தாய் முதுகிலேயே சுமந்துகொண்டு திரிகிறாள். இலுப்பை பூக்கும் மாதத்தில் மட்டும் அவள் மரத்தடியில் நிற்பதே இல்லை, ஓடிவிடுகிறாள்.