வாசலில் நிற்கும் வண்டி

கடலூர் டாக்ஸிக்காரர் ஞானப்பிரகாசத்தின் பழைய கார் வெள்ளத்தில் மூழ்கிப்போனது.

"பழைய வண்டி, மதிப்பு கம்மி," என்றார் இன்சூரன்ஸ் மேனேஜர். "ஆனா உடைசலைக் காயலான் கடையில போட்டா உங்களுக்கு நல்ல விலை வரும். அதைக் கழிச்சுட்டு மிச்சம் தர்றோம்."

அந்த மிச்சத்தில் ஒரு டயர்கூட வராது.

மறுநாள் ஞானப்பிரகாசம் காரை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து ஆபீஸ் வாசலில் விட்டார்.

"காயலான் கடைக்காரன்கூடத் தொடாத குப்பையை எவன்யா இங்க போட்டது?" மேனேஜர் எல்லார் எதிரிலும் கத்தினார்.

"நேத்து நீங்க நல்ல விலை சொன்ன உடைசல்தான் சார். நீங்களே வச்சுக்கிட்டு, கழிக்காம கொடுங்க."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் முழுத்தொகைக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஜெயித்து என்ன? அந்த முழுத்தொகைக்கும் ஓடுகிற வண்டி எங்கும் கிடைக்கவில்லை. இப்போது பஸ் ஸ்டாண்டில் அடுத்தவன் டாக்ஸிக்கு ஆள் கூப்பிடுகிறார்.

உங்க வண்டி எங்கண்ணே என்று கேட்டால், "அது ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போயிடுச்சுப்பா," என்பார். "நான்தான் நடுத்தெருவுக்கு வந்துட்டேன்."