இரண்டு கரைக்கும் இழுத்த மாவிலை

அந்தக் காலத்தில், தவளை ஏதாவது கேட்டால் நத்தை பதில் சொல்லும். ஏரியில் இருந்த உயிர்களுக்கெல்லாம் ஒரே பேச்சு. நீரின் மேல் ஓடும் கருவண்டுகள் அப்போது வட்டமடித்ததில்லை. புறப்பட்டால் போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்ச் சேர்ந்துவிடும்.

அவற்றுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு கோரைப்புல்லை ஆளுக்கொரு முனையில் பிடித்து இழுக்க வேண்டும். புல் யார் பக்கம் போகிறதோ, அவர் சொல்தான் அந்த வீட்டில் எடுபடும். கருமணி என்ற பெண்ணும் மிளகன் என்ற மாப்பிள்ளையும் இழுத்தபோது புல் எந்தப் பக்கமும் போகவில்லை. பொழுது சாயும்வரை இழுத்தார்கள், கடைசியில் புல்தான் அறுந்தது. இப்படி ஒரு பொருத்தம் எங்கே கிடைக்கும் என்று உறவெல்லாம் வாயைப் பிளந்தது. கருமணிக்கு அதில் தனிப் பெருமை. தனக்கு ஈடானவனைக் கட்டிக்கொண்டதாகப் போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள். அந்த வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது என்பது மட்டும் முடிவாகவே இல்லை. அதனால் அன்றைக்கு ஒன்றும் குடி முழுகிவிடவில்லை.

பிள்ளைகள் பிறந்தன. நீச்சல் பழகும்வரை அவற்றை ஒரு மாவிலையின் மேல் வைத்து வளர்த்தார்கள். இலை கோரைகளுக்கு நடுவே பத்திரமாக ஒதுங்கிக் கிடந்தது. ஒருநாள் காலையில் வயலுக்குத் தண்ணீர் விட யாரோ மதகைத் திறந்தார்கள். ஏரித் தண்ணீர் இழுக்க ஆரம்பித்தது. பிள்ளைகளோடு இலை நழுவி வெளியே வந்து மதகை நோக்கி நகர்ந்தது.

இருவரும் பதறி ஓடிப்போய் இலையைப் பிடித்தார்கள். கிழக்குக் கரைத் தாழம்புதருக்குக் கொண்டுபோய்விடலாம் என்றாள் கருமணி. புதரடியில் தண்ணீர்ப்பாம்பு கிடக்கிறது, மேற்கே கல்லிடுக்குதான் நல்லது என்றான் மிளகன். மேற்கே நாரை நிற்பது கண்ணில் படவில்லையா என்று கேட்டாள் அவள். பாவம், இருவர் சொன்னதும் நிஜம்தான். பேசித் தீர்க்க நேரமில்லாமல் அவள் காம்புப் பக்கம் பிடித்துக் கிழக்கே இழுத்தாள். அவன் நுனிப் பக்கம் பிடித்து மேற்கே இழுத்தான்.

இலை எந்தக் கரைக்கும் போகாமல் நின்ற இடத்திலேயே திரும்பியது.

இதில் கொடுமை என்னவென்றால், இழுப்பவருக்கு அது தெரிவதில்லை. தான் பிடித்த முனை தன்னோடு நகர்வதைப் பார்த்து, இலையே வருகிறது என்று கருமணி நம்பினாள். எதிர் முனையில் மிளகனும் அப்படித்தான் நம்பினான். பிடிமானம் போதவில்லையோ என்று அவள் காம்பின் கோடிக்கு நகர்ந்தாள், அவனும் நுனியின் கோடிக்குப் போனான். நடுவிலிருந்து விலக விலக இலை இன்னும் வேகமாகச் சுற்றியது. முதலில் சிரித்த பிள்ளைகள் தலை கிறுகிறுத்து, இலை நரம்பைப் பற்றிக்கொண்டு அழுதன. சுற்றிய இலையைத் தண்ணீர் மெல்ல மதகுப் பக்கம் கொண்டுபோனது.

மேலே மூங்கில் கொப்பில் உட்கார்ந்திருந்த மீன்கொத்திக்குத்தான் எல்லாம் தெரிந்தது. அதற்கே பொறுக்கவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் இழுக்குற வரைக்கும் அது கரைக்குப் போகாது. யாராவது ஒருத்தர் விடுங்க” என்றது.

கருமணி மதகுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மதகின் இரைச்சல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. நாரை கொத்தினால் ஒன்றிரண்டு போகும், மதகில் விழுந்தால் ஒன்றும் மிஞ்சாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் தோற்றுவிடலாம் என்று நினைத்தாள். மேற்கேயே கொண்டுபோகட்டும் என்று பிடியை விட்டாள்.

அதே நொடியில் மிளகனும் விட்டான்.

சுற்றிய வேகத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தூரப் போய் விழுந்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோது இலையைப் பிடித்திருக்க யாரும் இல்லை. அது இன்னும் சுற்றிக்கொண்டே மதகின் வாய்க்குள் போனது.

“நீங்க இழுத்துட்டுப் போவீங்கன்னுதானே விட்டேன்” என்றாள் கருமணி.

“நானும் அப்படி நெனச்சுத்தான் விட்டேன் கருமணி.”

அவனைத் திட்டக்கூட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. அடம் பிடித்ததற்குத் திட்டலாம். விட்டுக்கொடுத்ததற்கு யாரால் திட்ட முடியும்?

மதகை அடைத்த பிறகும் அவர்கள் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. மதகுக்குள் போகும் முன்பே பிள்ளைகள் இலையிலிருந்து தவறி நீருக்குள் மூழ்கினவா, எங்காவது ஒதுங்கி மேலே மிதக்கின்றனவா என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். குனிந்து பார்த்தால் மேலே இருப்பதைத் தவறவிடுவோமோ என்று பயம், நிமிர்ந்தால் கீழே இருப்பதைப் பற்றிப் பயம். அழுதழுது கருமணியின் கண்கள் குறுக்கே பிளந்து நான்காயின. மிளகனுக்கும் அப்படியே ஆயிற்று.

அன்று முதல்தான் கருவண்டுகள் நேராகப் போவதை மறந்தன. அசையாத தண்ணீரில் அவை வட்டமிடுவதைப் பார்த்து விளையாடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அவை இரண்டு கண்ணால் நீருக்கு மேலும் இரண்டு கண்ணால் நீருக்குள்ளும் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கின்றன.