டவாலி படித்த அரபி

காயல்பட்டினத்தில் தமீம் உஸ்தாத் என்று ஓர் அரபி ஆசிரியர். வயது முப்பதைத் தாண்டவில்லை. அவரிடம் படிக்க வந்த ஆறுமுகநயினாருக்கோ எழுபது. ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், ஊருக்கு வேறென்ன வேலை?

நயினார் முன்சீப் கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். கட்சிக்காரர் பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டால் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்கும். மகன் அலெக்சாண்டிரியா துறைமுகத்துக்கு வேலைக்குப் போய், அங்கேயே கல்யாணம் முடித்துக்கொண்டான். பேத்தி ஹனா சின்னப் பிள்ளை. அரபி ஒன்றுதான் தெரியும். வெள்ளிக்கிழமை முதல் தடவையாகத் தாத்தா வீட்டுக்கு வருகிறாள்.

அதற்குச் சில நாள் முன்பு நயினார் பாடப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"எனக்கு வராது உஸ்தாத். விட்டுருவோம்."

"ஏன் அண்ணாச்சி?"

"நேத்து போன்ல பிள்ள என்னமோ கேட்டா. நான் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். அவளும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பா? போனை அம்மா கையில குடுத்துட்டு ஓடிட்டா."

நயினார் புத்தகத்தை உஸ்தாத் முன்னால் வைத்தார்.

"கடலுக்கு அந்தப் பக்கத்துப் பாஷை. இந்த வயசுல எங்கிட்ட எப்படி வரும்?"

உஸ்தாத் எழுந்தார். உள்ளே போய் ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் ஒரு தட்டும் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க பார்த்ததுல ஒரு நல்ல கேஸ் சொல்லுங்க அண்ணாச்சி."

கோர்ட்டுக் கதை என்றால் நயினாருக்குச் சோறு தண்ணி வேண்டாம். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தென்னந்தோப்புத் தாவா. அண்ணன் தம்பி சண்டை."

உஸ்தாத் ஒரு பழத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"அண்ணன்காரன் பத்திரத்துக்கு நகல்தான் கொண்டுவந்தான். அசல் இல்ல."

இன்னும் இரண்டு பழம் வைத்தார்.

"அவன் வக்கீல் வாய்தா மேல வாய்தா வாங்குனாரு. தோப்பு ஜப்தி ஆகுத நிலைமை. முன்சீப்புக்குக் கோபம் வந்துட்டு. கூப்பிடு ரெண்டு பேரையும்னாரு. நான் கூப்பிட்டேன் பாருங்க! அன்னைக்கே ஜப்தி ரத்து, தாவா பைசல்."

கதை முடிவதற்குள் தட்டு நிறைந்துவிட்டது.

"போதும் உஸ்தாத், எனக்குச் சுகர் இருக்கு. இவ்வளவும் யாருக்கு?"

"நான் எங்க வெச்சேன்? நீங்க வெச்சது. நீங்க ஒரு அரபிச் சொல் சொன்னா நான் ஒரு பழம் எடுத்தேன், அவ்வளவுதான். தாவா, நகல், அசல், வக்கீல், வாய்தா, ஜப்தி, எல்லாம் அரபி."

நயினார் தட்டைப் பார்த்தார்.

"இது கோர்ட்டுத் தமிழ்லா?"

"தமிழ்தான். அரபியில கிளம்பி, பாரசீகத்துல தங்கி, நவாபு காலத்துக் கோர்ட்டு கச்சேரி ஏறி வந்து தமிழானது. நீங்க வேலையில சேர்ந்த அன்னைக்கே உங்க வாயில குடிவந்துட்டு."

நயினாருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஆனால் எத்தனை குறுக்கு விசாரணையை நின்று பார்த்தவர், சும்மா விடுவாரா.

"சரி, இதை வெச்சு பிள்ளகிட்ட என்ன பேச? ஜப்தி நோட்டீஸா குடுக்க?"

உஸ்தாத் சிரித்துவிட்டார்.

"கோர்ட்டுல பேர் சொல்லிக் கூப்பிட்டா, வந்து நிக்கிறவங்க என்ன சொல்லணும்?"

"ஆஜர்."

"ஹனா ஊர்லயும் ஒருத்தர் கூப்பிட்டா, இதோ வந்துட்டேன்னு சொல்ல அதே சொல்தான். நாக்கு மட்டும் கொஞ்சம் மாறும். ஹாளிர்னு வரும்."

நயினார் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் சொல்லிப் பார்த்தார். பிறகு, திருப்பிக் கொடுத்த புத்தகத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அது போதுமா உஸ்தாத்?"

"இவ்வளவு காலம் ஊரையே நீங்க கூப்பிட்டீங்க. வெள்ளிக்கிழமை அவ கூப்பிடுவா. நீங்க ஆஜர் ஆகுங்க அண்ணாச்சி. மிச்ச அரபியை அவ பார்த்துக்குவா."