சேனை வைக்க மறுத்த தாத்தா

தென்காசிப் பக்கம் மலையடியில் ஒரு சின்ன மடம். அங்கே குரு முப்பத்தைந்து வயதுப் பெண். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து, போதும் என்று வந்தவர். சீடர் மாசானத்துக்கு அறுபது வயது. லாரி ஓட்டியவர். அவர் குருவை ‘தாயி’ என்பார். குரு அவரை ‘அண்ணாச்சி’ என்பார்.

ஒரு நாள் காலையில் மாசானத்தின் மகள் இசக்கி, பச்சைப் பிள்ளையோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள்.

“இன்னும் சேனை வைக்கலை தாயி. முதல் சீனித்தண்ணியை நாக்கில தொட்டு வைக்கிறவங்க குணந்தானே பிள்ளைக்கு வரும். என் மாமனார் விரலை நீட்டிக்கிட்டு வந்தார். பஸ் கண்டக்டர்கிட்ட தினம் சண்டை போடுற மனுஷன். வேண்டாம்னுட்டேன். எங்க அப்பாதான் வைக்கணும். எங்கே அவரு?”

“மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கார். வைக்கோலுக்கு மேல தலை தெரியுது.”

குரு அங்கே போனார்.

“வாங்க அண்ணாச்சி. பேரன் உங்க மூக்கோட வந்திருக்கான்.”

“நான் வரலை தாயி.”

“தொட்டா ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரே.”

“அது தெரியும். மாத்திரையும் தவறாம முழுங்குதேன். ரத்தத்தில கிருமி தட்டுப்படலைன்னுட்டாங்க. பயம் அது இல்லை.”

“பின்னே?”

மாசானம் துண்டை உதறித் திரும்பவும் தோளில் போட்டார்.

“மத்த காய்ச்சல் வரும், போகும். இந்த எச்.ஐ.வி. அப்படி இல்லையாமே. நம்ம உயிரணுவோட வாசல்ல போய் ஒட்டுதாம். அதோட தோலும் இதோட தோலும் ஒண்ணாக் கலந்து உள்ளே போயிருதாம். கொண்டுவந்த சீட்டை நம்ம எழுத்தில திருப்பி எழுதி, மரபணுங்கிற நம்ம பிறவி ஏட்டிலயே சொருகிருதாம். மாத்திரை அது வாயைத்தான் கட்டும், எழுதினதை அழிக்காதாம். ஏடு கெட்டவன் தாயி நான். நான் சேனை வச்சா அந்தப் பிள்ளைக்கு என்ன வரும்?”

குரு வைக்கோலில் உட்கார்ந்தார்.

“ஒரு கதை சொல்லட்டுமா?”

“சின்னதாச் சொல்லுங்க. ஒளிஞ்சு நின்னதில இடுப்புப் பிடிச்சிருச்சு.”

“மனுஷனே இல்லாத காலம். குரங்கு மாதிரி ஒரு பிராணி. அதுக்குள்ளேயும் இந்த ஜாதிக் கிருமி ஒண்ணு புகுந்துச்சு. பிள்ளைக்கு வித்தாகிற அணுவிலயே போய்த் தன் சீட்டைச் சொருகிருச்சு. அந்தப் பிராணியோட குட்டி, அதோட குட்டி, எல்லாம் அந்தச் சீட்டில இருந்த வரியோடயே பிறந்துச்சு.”

“அய்யோ பாவம்.”

“கேளுங்க. அந்தக் கிருமிக்குத் தெரிஞ்சது ஒரே வித்தை. தோலோட தோலை ஒட்டுறது. கிருமி செத்துப்போச்சு, வித்தை உடம்பில தங்கிருச்சு. இன்னைக்கு வயித்தில பிள்ளை தங்கணும்னா நஞ்சுக்கொடி வேணும். அங்கே தாய் ரத்தம் படுற பக்கத்தில, அணுவெல்லாம் நடுச்சுவர் இல்லாம ஒரே விரிப்பா ஒட்டி நிக்கும். அது வழியாத்தான் பிள்ளைக்குச் சோறு. ஒட்டி வைக்கிறது யாரு? அந்தப் பழைய வரி.”

மாசானம் வாயைத் திறந்தபடி நின்றார்.

“நெசமாவா?”

“வார்டில எத்தனை நஞ்சுக்கொடியைக் கையில ஏந்தியிருக்கேன். அந்த வரி என் ஏட்டில இருக்கு. இசக்கி ஏட்டில இருக்கு. உங்க பேரனும் அதோடதான் வந்திருக்கான்.”

“அப்போ என் உடம்பில இருக்கிறவனும் ஒருநாள் திருந்திருவானா?”

“அப்படி நான் சொல்லலை. அவனை நம்பி மாத்திரையை விட்டுராதீங்க. போய்க் கையைக் கழுவுங்க.”

அவர் கழுவினார். சோப்பு பாதி கரைந்துபோகும் வரை கழுவினார். இசக்கி, “போதும்ப்பா, தோல் உரிஞ்சிரும்” என்று சிரித்தாள்.

பிள்ளையை அவர் மடியில் வைத்தார்கள். மாசானம் சீனித்தண்ணியில் விரலைத் தொட்டு, அந்தச் சின்ன நாக்கில் வைத்தார். பிள்ளை விரலைக் கவ்விக்கொண்டது. அவர் மெல்ல இழுத்துப் பார்த்தார். அது இன்னும் இறுக்கிச் சப்பியது.

கண்ணில் நீர் வழிய, சிரிப்பும் தாங்காமல், அவர் குருவைப் பார்த்தார்.

“விட மாட்டேங்கான் தாயி.”

“எப்படி விடுவான் அண்ணாச்சி? பத்து மாசமா ஒட்டிக்கிடக்கத்தானே பழகியிருக்கான்.”