ஒன்பது தகுதிகள்

பதினெட்டு வருஷம் பார்த்த கணினி வேலை போனதும் லூர்துசாமிக்கு ஒரு குரு தேவைப்பட்டார். தேடி மலைக்கெல்லாம் போகவில்லை. ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த சுபைதா இப்போது கோவையில் பத்துப் பேரை வைத்துச் சின்னதாக ஒரு மென்பொருள் கம்பெனி நடத்துகிறார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு நாற்பத்தாறு.

வேலை விளம்பரங்கள் ஆளுக்கொன்று கேட்டன. தையில் படித்ததை மாசியில் யாரும் சீந்தவில்லை. ஆறு மாதத்தில் நாலு படிப்பு முடித்தும் வேலை மட்டும் கிடைத்தபாடில்லை. இன்னும் ஒரே ஒரு படிப்புக்குத்தான் அவரிடம் தெம்பு இருந்தது.

"அடுத்து எதைப் படிச்சா வேலை கிடைக்கும், சுபைதா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"புதன்கிழமை நாங்க ஆள் எடுக்கறோம். நீங்க வந்து எடுத்துக் குடுங்கண்ணா."

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. ஆனாலும் போனார். விளம்பரத்தில் போட்டிருந்த ஒன்பது தகுதிகளைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார் சுபைதா.

முதலில் வந்த இளைஞனுக்கு ஒன்பதும் தெரிந்திருந்தது. கேள்வி முடியுமுன் பதில் வந்தது. லூர்துசாமி ஒன்பது டிக் போட்டார். பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்தவர் செல்வராணி. ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைப் பிரிவுக்கு மென்பொருள் எழுதியவர்.

"செஞ்சதுல எது கஷ்டமா இருந்துச்சு?" பேச்சுக்குத்தான் கேட்டார்.

"ஒரே பேர் உள்ள ரெண்டு பேரோட ரிசல்ட் மாறிப்போச்சு சார். நான் எழுதினதுலதான் தப்பு."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கவுண்டர்ல ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன். அங்க இருக்கற ஸ்டாஃப் கூட்டத்துல பேரை மட்டும்தான் பாக்கறாங்க. பேர் ஒண்ணா இருந்தா, வயசைக் கேட்டுட்டுத்தான் மேல போற மாதிரி மாத்தினேன்."

பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. இருவரின் டீயும் ஆறிப்போனது.

செல்வராணி போனபின் சுபைதா கேட்டார். "யாரை எடுக்கலாம்?"

"இவங்களை."

"எத்தனை டிக்?"

லூர்துசாமி தாளைப் பார்த்தார். செல்வராணி பெயருக்குக் கீழே ஒன்றுமில்லை. கேட்கவே மறந்திருந்தார்.

"அந்தப் பையன் மாதிரி ஆகத்தானே ஆறு மாசமா உசிரைக் குடுத்துப் படிக்கறேன். அவனை நானே வேண்டாங்கறேன். அப்போ இந்தப் பட்டியல் எதுக்கு? யார் எழுதினது இதை?"

"நான்தாங்ணா," என்றார் சுபைதா. "யார் வரப்போறாங்கன்னு தெரியாதப்போ எழுதினேன்."