வெள்ளிக் குண்டு கட்டாத புடலங்காய்

கேளுங்கள் பிள்ளைகளே. பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்கள் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து கேளுங்கள்.

முன்னொரு காலத்தில் மேழியூரைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டார். அவருக்கு நன்முல்லை என்று ஒரே மகள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். துரும்பாக இளைத்துக்கொண்டே போனாள். ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று.

அரண்மனை மருத்துவச்சி வேம்பி வந்து நாடி பார்த்தாள். "வியாதி ஒண்ணும் இல்ல, மகாராஜா. குழந்தை தன் கையால ஒரு காய் வளர்க்கட்டும். பசி தானா வரும்."

அன்றே தோட்டம் போட உத்தரவாயிற்று. நன்முல்லையைப் பல்லக்கில் தூக்கிவந்து நிழலில் உட்கார வைத்தார்கள்.

மண் கொத்த வேண்டும். "நான் கொத்தறேன்ப்பா" என்றாள் மகள். "கை காய்ச்சுப்போகும் கண்ணு" என்றார் ராஜா. தளபதி கொத்தினார்.

விதை ஊன்ற வேண்டும். "நான் ஊனறேன்ப்பா." "நகத்துல அழுக்கு ஏறும் கண்ணு." மந்திரி ஊன்றினார்.

தண்ணீர் ஊற்ற வேண்டும். "நான் ஊத்தறேன்ப்பா." "சளி பிடிக்கும் கண்ணு." ராஜாவே ஊற்றினார். ஊற்றிவிட்டு, மகள் எவ்வளவு பொறுப்பாகத் தோட்டம் போடுகிறாள் என்று சபையில் பெருமையடித்துக்கொண்டார்.

புடலை காய்த்தது. பிஞ்சு சுருளாமல் நீள, நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். அரண்மனைப் புடலைக்கு வெறும் கல்லா? ராஜா வெள்ளிக் குண்டு கட்டச் சொன்னார். பாதிப் பிஞ்சு பாரம் தாங்காமல் அறுந்து விழுந்தது. மிச்சம் ஈட்டி மாதிரி நேராக வளர்ந்தது.

கூட்டு வைத்து மேளதாளத்தோடு பந்தி போட்டார்கள். தொந்தி கரைந்திருந்த தளபதி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். பல வருஷமாகக் கஞ்சியிலேயே காலம் தள்ளிய மந்திரி இலையை வழித்தார். ராஜாவுக்கும் அகோரப் பசி. மருந்து நன்றாகத்தான் வேலை செய்திருந்தது. நன்முல்லை மட்டும் இலையைத் தொடவில்லை.

ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "உன் தோட்டத்துக் காய்தானே, ஒரு வாய் சாப்பிடு கண்ணு."

"இது உங்க தோட்டம்ப்பா" என்று அவள் எழுந்து வெளியே ஓடினாள்.

விதை ஊன்றிய அன்றே, மந்திரி சிந்திய விதை ஒன்றைப் பொறுக்கி, பல்லக்குக் கொட்டிலுக்குப் பின்னால் ஊன்றி, தனக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீரை அதற்கு ஊற்றி வந்திருந்தாள். அது ஒருவருக்கும் தெரியாது. திரும்பி வந்தவள் கையில் ஒரே ஒரு புடலங்காய், வளையல் போலச் சுருண்டு கிடந்தது. "இதைச் சமைச்சுத் தாங்க. பசிக்குது."

"கோணலா இருக்கே கண்ணு. கொடு, அப்பா வேற நல்லதா..." ராஜாவின் கை நீண்டது. நன்முல்லை காயை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

வேம்பி ராஜாவின் நீட்டிய கையைப் பிடித்து நாடி பார்த்தாள். "அன்னிக்குத் தப்பாப் பார்த்துட்டேன், மகாராஜா. வியாதி இருக்கு. இந்தக் கையில இருக்கு."

ராஜா கையை மடியில் வைத்துக்கொண்டார். நன்முல்லை கோணல் புடலங்காயைத் தானே சமையலறைக்குக் கொண்டுபோனாள். அன்று அவள் இரண்டாம் முறை சோறு கேட்டபோது, பிசைந்து ஊட்டிவிட எழுந்த ராஜா, பெரும்பாடுபட்டு மறுபடி உட்கார்ந்தார்.

பிள்ளைக்காகவே செய்கிறோம் என்று பிள்ளையின் வேலையைப் பிடுங்கிக்கொள்கிறவர், அதன் பலனையும் சேர்த்தே பிடுங்கிக்கொள்கிறார்.